முதல் இரண்டு கிலோமீட்டர்

– பத்து ஒயர் வில்லை ஒட்டினாங்க அண்ணே. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒன்பதுதான் வந்திருக்கு.

– பத்தாவதை நெஞ்சுக்குள்ளயே விட்டுட்டுப் போயிட்டாங்களோ என்னவோ. தேடு.

– கையைத் தூக்குங்க… இங்க இல்ல… இங்கயும் இல்ல… ஆ, விலாப்பக்கம் ஒளிஞ்சுட்டிருக்கு. இழுக்கட்டுமா?

– மெதுவா… மெதுவாடா! முடியோட வருது!

– அறுபத்திமூணு வயசுல இந்த முடியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? ம்… வந்துடுச்சு. ஒயர் மாட்டின அந்தப் பொண்ணு எங்க போச்சு?

– காகிதத்தைக் கிழிச்சு எடுத்துக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போயிருக்கு. முழம் முழமா வந்துச்சு தெரியுமா! போதும் இறங்குங்கன்னு டிரெட்மில் மெஷினே கெஞ்சற மாதிரி ஆயிடுச்சு.

– கேட்டுக்கிட்டுதானே உட்கார்ந்திருந்தேன். பதினாலு நிமிஷம். கடைசி மூணு நிமிஷம் மோட்டார்தான் அழுதுச்சு. உங்ககிட்டேர்ந்து ஒரு முனகல் இல்ல.

– அப்படிச் சொல்லு! என் வயசுக்காரங்க ஏழாவது நிமிஷமே கம்பியைக் கட்டிப்புடிச்சுக்குவாங்களாம். அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. நான் கம்பியைத் தொடவே இல்ல.

– அதான் எனக்கு…

– என்ன எனக்கு?

– ஒண்ணுமில்ல. இந்தாங்க, பனியன். இது காஞ்ச பனியன். பையில கிடக்கற இன்னொண்ணைப் புழிஞ்சா ஒரு செம்பு தண்ணி வரும்.

– எந்தப் பையில?

– புடிச்சுக்கோடான்னு என் மடியில வெச்சுட்டு மெஷின்ல ஏறினீங்களே, அந்தப் பையில. என் பேன்ட்டே நனைஞ்சுபோச்சு.

– தண்ணி பாட்டிலை ஒழுங்கா மூடலை போல.

– தண்ணிக்கு இந்த நாத்தம் வராது. பதினோரு வருஷமா உங்க வேர்வை பக்கத்துலயே ஓடறவன் நான். என்கிட்டயே பாட்டில் கதையா? ஓடியா வந்தீங்க?

– மெதுவாப் பேசு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு.

– வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஆறரை கிலோமீட்டர். ஓடியா வந்தீங்கன்னு கேட்டேன்.

– ஓட்டமா அது? சும்மா ஒரு தொங்கோட்டம். உடம்பு சூடாகாம நேரா மெஷின்ல ஏறச் சொல்றியா? முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான். காலையில டிப்போவுலேர்ந்து வண்டியை எடுத்த உடனே மேட்டுல ஏத்துவாங்களா? நின்ன இடத்துலயே கொஞ்ச நேரம் உறுமவிட்டு, முதல் ரெண்டு ஸ்டாப் இருமிக்கிட்டே போனாத்தான் எஞ்சின் சொன்ன பேச்சு கேக்கும்.

– அண்ணிகிட்ட பஸ்ல போறேன்னு சொன்னீங்களே?

– ஓடப்போறேன்னு சொல்லியிருந்தா டெஸ்ட்டுக்கும் ஓட்டமா, உங்களுக்கென்ன பைத்தியமான்னு ஆரம்பிச்சிருப்பா. டிக்கெட்டைக் காட்டுங்கன்னு கேக்கமாட்டா, விடு.

– காலையில உடற்பயிற்சி ஏதாவது பண்ணீங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. என் காதுல விழுந்துச்சு.

– இல்லைன்னேன். ஆறரை கிலோமீட்டரெல்லாம் நமக்கு உடற்பயிற்சியாடா?

– எனக்குச் சிரிப்பு வரமாட்டேங்குது அண்ணே.

– உனக்கு என்னிக்கு வந்துச்சு? டெலிபோன் ஆபரேட்டர் வேலை பார்த்துப் பார்த்து, மூஞ்சியே ‘கொஞ்சம் லைன்ல இருங்க’ன்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சு. மாரத்தான் ஃபாரம் எங்க? கொண்டுவந்தியா?

– மேல்பாக்கெட்டுல இருக்கு. அக்கா பொண்ணு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினா. அறுபது தாண்டினவங்களுக்கு இதய டாக்டர் கையெழுத்து கட்டாயம். பார்வையில்லாதவரைக் கூட்டிட்டு ஓடறவருக்கும் அதே சட்டம்தான்.

– நியாயம்தானே. வண்டிக்கு எஃப்.சி. வேண்டாமா? இன்னும் இருபத்திரண்டு நாள். நாப்பத்திரண்டு கிலோமீட்டர். போன வருஷம் முப்பத்தி நாலுல உன் முட்டி காலை வாரிடுச்சு. இந்தத் தடவை முடிக்கறோம். மெடலை உன் கழுத்துல போட்டுட்டு நான் நேரா வீட்டுக்குப் போய்த் தூங்கறேன்.

– போன வருஷம் நம்மளோட ஓடின தபால்காரரும் நம்ம கூடத்தான் கையெழுத்து வாங்கினாரு.

– அவரை எதுக்கு இப்ப இழுக்கறே?

– அவரும் மெஷின்ல ஜெயிச்சவருதானே? பன்னெண்டு நிமிஷம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. ரெண்டே மாசம். ஒன்பதாவது கிலோமீட்டர்ல விழுந்து, அங்கயே போயிட்டாரு. மூட்டையை இறக்கின மாதிரி ஒரு சத்தம். எனக்கு இன்னும் கேக்குது.

– அவரு சிகரெட் புடிச்சவரு.

– விட்டு இருபது வருஷம் ஆச்சு.

– புடிச்சவரு புடிச்சவருதான். உஷ்… கதவு.

– வரலாமா?

– வாங்க டாக்டரம்மா! எப்படி நம்ம ஓட்டம்?

– பார்த்தேன் சார். இந்த ரூம்ல உங்க வயசுல யாரும் இவ்வளவு நேரம் ஓடினதில்ல. கோடெல்லாம் ஒழுங்கா இருக்கு. பிரஷர் சரியா ஏறி, சரியா இறங்கியிருக்கு.

– அப்புறமென்ன, பேனாவை எடுங்க.

– இருங்க. போன வாரம் எடுத்த ஸ்கேனைப் பத்திப் பேசணும்.

– அந்த அறுநூத்தி நாப்பதா? எத்தனைக்கு அறுநூத்தி நாப்பதுன்னு இவன் கேக்கறான். பள்ளிக்கூடத்துல நான் இவ்வளவு மார்க் வாங்கினதே இல்ல.

– இந்தப் பரீட்சையில பூஜ்யம் வாங்கினவங்கதான் பாஸ். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் இருக்கில்ல, அதோட சுவர்ல எவ்வளவு சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு சொல்ற எண் அது. உங்களுக்கு நிறையவே படிஞ்சிருக்கு.

– ஓடறவனுக்கு எப்படிங்க படியும்? சிகரெட் இல்ல, குடி இல்ல, தொப்பை இல்ல. என் பேன்ட் இருபத்தஞ்சு வருஷமா ஒரே அளவு.

– அங்கதான் எங்களுக்கே குழப்பம். வருஷக்கணக்கா நீண்ட தூரம் ஓடறவங்கள்ல சில பேருக்கு இது மத்தவங்களைவிடக் கூடுதலாவே தெரியுது. பல பேருக்கு அது நல்லா இறுகி, பூசின காரை மாதிரி சுவரோட ஒட்டிக்கும். தொந்தரவு பண்ணாது. சில பேருக்கு அதுக்குப் பக்கத்துலயே இறுகாத படிவும் இருக்கும். அதுதான் ஆபத்து. நீங்க இதுல எந்த ரகம்னு அந்த எண்ணை மட்டும் வெச்சு என்னால சொல்ல முடியாது.

– அதான் மெஷின் சொல்லிடுச்சே.

– மெஷின் சொல்றதையும் முழுசா நம்ப முடியாது. உங்களை மாதிரி ஆளுங்க அதை ஏமாத்திடறீங்க. குழாய் குறுகியிருந்தாலும் கால் பலத்துலயே ஓடி முடிச்சுட்டு, சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. அதனால நான் கேக்கப்போற கேள்விக்கு நீங்க சொல்ற பதில்தான் பாதி டெஸ்ட். புரியுதா?

– கேளுங்க.

– ஓடும்போது நெஞ்சுல பாரம், அழுத்தம், எரிச்சல்… ஏதாவது?

– இல்ல.

– தாடையில, தோள்ல, இடது கையில?

– இல்ல.

– மூச்சு முன்னைவிட வாங்குதா? வேகம் குறைஞ்சிருக்கா?

– வேகம்… கிலோமீட்டருக்கு ஒரு அரை நிமிஷம் கூடியிருக்கு. வயசாகுதில்ல டாக்டரம்மா.

– எத்தனை நாள்ல அரை நிமிஷம்?

– அது இருக்கும்… ரெண்டு மூணு வருஷமா, கொஞ்சம் கொஞ்சமா.

– க்கும்.

– என்ன சார், ஏதோ சொல்ல வந்தீங்களா?

– இல்ல டாக்டர். தொண்டை.

– நீங்க இவருக்குத் தம்பியா?

– கூட ஓடறவன்.

– அப்படிச் சொன்னா எப்படிடா? என் மணிக்கட்டுல கயித்தோட ஒரு முனை, இவன் மணிக்கட்டுல ஒரு முனை, டாக்டரம்மா. நடுவுல ஒரு முழம். பதினோரு வருஷமா நாங்க ஒரே வண்டி.

– அப்ப உங்களைக் கேக்கறதுதான் நல்லது. தினமும் பக்கத்துலயே ஓடறீங்க. இவரு எங்கயாவது நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நின்னது, முகம் வெளுத்துப்போனது… அப்படி ஏதாவது பார்த்திருக்கீங்களா?

– எனக்குக் கண்ணு தெரியாதுங்க, டாக்டர்.

– ஓ… மன்னிச்சுக்குங்க சார். கயிறுன்னு சொல்லும்போதே நான் யோசிச்சிருக்கணும்… கறுப்புக் கண்ணாடி வெயிலுக்குன்னு…

– பரவாயில்ல டாக்டர்.

– சரி… உங்க அப்பா எத்தனை வயசுல தவறினாருன்னு சொன்னீங்க?

– அம்பத்தெட்டு டாக்டரம்மா. சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனாரு. குழாய் திறந்தபடியே ஓடிக்கிட்டிருந்துச்சு.

– ம். வலி எதுவும் இல்ல, டெஸ்ட்டும் சுத்தமா இருக்குன்னா, கொழுப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்கன்னு சொல்லி அனுப்பலாம்தான். அந்த ஃபாரத்தைக் கொடுங்க… ஒரு நிமிஷம், ஃபோன். ஹலோ… எந்த பெட்? எப்பலேர்ந்து?… வரேன். சார், வார்டுல கூப்பிடறாங்க. பத்து நிமிஷத்துல வந்து போட்டுத் தரேன்.

– தாராளமாப் போயிட்டு வாங்க டாக்டரம்மா. நாங்க எங்க போகப்போறோம்?

…

– போயிட்டாங்களா?

– போயிட்டாங்க. டேய், நல்லாச் சமாளிச்சே போ! கண்ணு தெரியாதுங்க டாக்டர்! பாவம், அந்தம்மா முகம் போன போக்கை நீ பார்த்திருக்கணும்.

– வேண்டாம் அண்ணே.

– என்ன வேண்டாம்?

– சிரிக்காதீங்க. அம்பத்தஞ்சு வயசுல முதல் தடவையா அதைச் சாக்காச் சொல்லியிருக்கேன். வேலையில தப்புப் பண்ணினப்போ சொன்னதில்ல. எதிர்ல வந்தவன் இடிச்சுட்டு என்னைத் திட்டினப்போகூடச் சொன்னதில்ல. இன்னிக்கு வாய் கூசாம சொல்லிட்டேன்.

– உண்மையத்தானேடா சொன்னே?

– பார்த்தீங்களான்னுதான் அவங்க கேட்டாங்க. தெரியுமான்னு கேட்ட மாதிரிதான் என் காதுல விழுந்துச்சு. தெரியும் அண்ணே.

– என்ன தெரியும்?

– முதல் ரெண்டு கிலோமீட்டர். தெருமுனையில கிளம்பும்போது கயிறு சரியா இருக்கும். பெட்ரோல் பங்க் தாண்டினதும் முனை பின்னால இழுக்கும். நீங்க பின்தங்கறீங்க. மேடு, பள்ளம், இடதுன்னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டு வரவரு, பங்க் தாண்டினா பேச்சை நிறுத்திடுவீங்க. மூச்சு உள்ள போகுது, வெளிய வரதுக்கு முன்னாடி நடுவுல நிக்குது. யாரோ உங்க வாயைப் பொத்தற மாதிரி. தண்ணித் தொட்டிகிட்ட நின்னா ஒரு நிமிஷத்துல விடுது. அதுக்கப்புறம் இருபது கிலோமீட்டர் ஆனாலும் நீங்க பழைய டிரைவர்தான்.

– அதான் சொன்னேனே, எஞ்சின் சூடாகணும்…

– பத்து வருஷம் இருமாத எஞ்சின் இப்ப ஏன் இருமுது? அரை நிமிஷம் ரெண்டு மூணு வருஷமாக் கூடல. இந்த ஏழெட்டு மாசத்துலதான் கூடிச்சு. என் வாட்ச் பேசற வாட்ச். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் என் காதுல சொல்லிடும்.

– இப்ப என்னடா பண்ணணுங்கறே? அந்தம்மாகிட்ட நெஞ்சை அழுத்துதுன்னு சொல்லணுமா? சொன்னா என்ன ஆகும் தெரியுமா? குழாய்க்குள்ள ஒயரை விட்டுப் பார்ப்பாங்க. ஸ்பிரிங் வெப்பாங்க. இல்ல, நெஞ்சைப் பொளந்து தைப்பாங்க. அதோட ஓட்டத்துக்கு ஒரு கும்பிடு.

– உயிரோட இருப்பீங்க.

– இருந்து? பேப்பர் படிச்சு முடிச்சுட்டு, மத்தியானம் என்னடா பண்றதுன்னு சுவத்தைப் பார்க்கவா? முப்பத்தோரு வருஷம் என் முதுகுக்குப் பின்னாடி அறுபது பேரு உட்கார்ந்திருந்தாங்கடா. நான் பிரேக் போட்டா அறுபது தலை ஆடும். ரிடையர் ஆன மறுநாள் திரும்பிப் பார்த்தா யாருமில்ல. நீ ஒருத்தன்தான் மிச்சம்.

– உங்க பஸ்ல ஏறினவன்தானே நானும்.

– ஏறினவன் சும்மா இறங்கிப் போனியா? படியில நின்னுக்கிட்டு, டிரைவரண்ணே, என் கூட ஓட வரீங்களான்னு கேட்டே. பின்னால ஹாரன் அடிக்கறான், கண்டக்டர் கத்தறான். உன்னை இறக்கினா போதும்னு சரின்னு சொல்லித் தொலைச்சேன்.

– முதல் நாள் நாலு மின்கம்பம் தாண்டறதுக்குள்ள நுரை தள்ளிடுச்சு உங்களுக்கு.

– எட்டு.

– நாலு.

– சரி, நாலு. இப்ப நான் நின்னுட்டா உன் கயித்தை யாரு புடிப்பா? அதைச் சொல்லு. அந்தக் காலேஜ் பசங்களா? போட்டோ எடுக்கற வரைக்கும் வருவானுங்க. நாலாவது நாள் அலாரம் அடிக்கலைம்பானுங்க.

– யாரும் வரமாட்டாங்க. எனக்குத் தெரியாதா? மறுபடியும் மொட்டைமாடிதான். துணி காயப்போடற கம்பியில கையை வெச்சுக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். பதினாறு அடி. திரும்பித் திரும்பித் தலை சுத்தும். கீழ் வீட்டுக்காரங்க வந்து சத்தம் போடுவாங்க.

– அதைத்தான்டா நானும் சொல்றேன். உனக்கு எதுக்கு அந்தப் பொழைப்பு?

– அது வேண்டாம்னுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். புரியுதா அண்ணே? நாள் முழுக்க யாராவது என் முழங்கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்காங்க. ஆபீஸ்ல, பஸ் ஸ்டாப்புல, சொந்த வீட்டுல. நல்லவங்கதான். ஆனா இழுப்பாங்க. காலையில அந்த ஒண்ணரை மணி நேரந்தான் யாரும் என்னை இழுக்கறதில்ல. மூஞ்சியில காத்து அடிக்கும். அதை விடறதுக்கு மனசு வரல. உங்க மூச்சு நிக்கறது காதுல விழும். விழாத மாதிரி ஓடுவேன். நாளைக்குச் சொல்லிக்கலாம், போட்டி முடிஞ்சு சொல்லிக்கலாம்… என்னைவிடச் சுயநலக்காரன் யாரு இருப்பான்?

– டேய், அப்படியெல்லாம் பேசாதே.

– போன மாசம் அண்ணி என்கிட்ட கேட்டாங்க. அவரு நல்லாத்தானே இருக்காரு தம்பி, ஓடக் கிளம்பறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு நெஞ்சைத் தடவிக்கிறாரேன்னு.

– உன்னைக் கேட்டாளா?

– கேட்டாங்க. ஆபீஸ்ல பேசற குரல்லயே பதில் சொன்னேன். நல்லா இருக்காரு அண்ணி, கவலைப்படாதீங்கன்னு. நம்பிட்டாங்க.

– என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல பாரு.

– உங்ககிட்ட கேட்டா என்ன பதில் வரும்னு அவங்களுக்குத் தெரியாதா? இன்னொண்ணும் சொல்லிடறேன். தண்ணித் தொட்டிகிட்ட தினமும் நிப்பேனே, ஷூவுல கல்லு மாட்டிக்கிச்சுன்னு…

– ஆமா.

– கல்லெல்லாம் எதுவும் இல்ல. நான் நின்னாத்தான் நீங்க நிப்பீங்க. உங்களால நிக்க வேண்டி வந்துச்சுன்னா உங்களுக்குக் கௌரவம் போயிடும்ல. அதனால கல்லு. அந்த ஒண்ணை மட்டும் பெரிய உபகாரம்னு நினைச்சு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். ஏதாவது சொல்லுங்க அண்ணே. திட்டவாவது திட்டுங்க.

– என்னத்தைத் திட்டறது… பயமா இருக்குடா.

– எதுக்கு?

– எல்லாத்துக்கும். அந்த ஒயருக்கு, கத்திக்கு, அப்பா திறந்து வெச்ச குழாய்க்கு… நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு முழிச்சுக்கிட்டு எங்கயும் போக வேண்டாம்னு படுத்திருக்கறதுக்கு. அதுக்குத்தான் ரொம்ப. டாக்டரம்மா வராங்களா பாரு.

– படியில ஏறி வராங்க. இன்னும் பத்துப் பதினஞ்சு படி இருக்கும்.

– கேட்டுக்கோ. வந்ததும் போட்டுடுவாங்க. நாம கிளம்பிடலாம். உன் நாப்பத்திரண்டை முடிச்சுட்டு, மறுநாளே நானா வந்து இங்க படுத்துக்கறேன். சத்தியமா. இருபத்திரண்டு நாள்தான்டா கேக்கறேன்.

– தபால்காரர் எத்தனை நாள் கேட்டாரு?

– டேய்…

– நீங்க விழுந்தா மத்தவங்க கண்ணால பார்ப்பாங்க. எனக்கு இந்த மணிக்கட்டுல இழுக்கும். அந்த ஒரு இழுப்போட நான் மிச்ச காலத்தை ஓட்டணும். முடியாது அண்ணே. என்னால முடியாது.

– மன்னிக்கணும் சார், பத்து நிமிஷம்னு சொல்லிட்டு இருபது நிமிஷம் ஆக்கிட்டேன். கொடுங்க ஃபாரத்தை. பேரு… வயசு… கையெழுத்து இங்கதானே?

– ஆமா டாக்டரம்மா. அந்தக் கோட்டுக்கு மேல.

– டாக்டர், இவரு ஓடி வந்தாரு.

– டேய்!

– எங்க ஓடி வந்தாரு?

– இங்கதான் டாக்டர். வீட்டுலேர்ந்து. ஆறரை கிலோமீட்டர் ஓடிட்டு வந்துதான் மெஷின்ல ஏறினாரு. இந்தப் பையில ஈரப் பனியன் இருக்கு, தொட்டுப் பாருங்க.

– சார்… நிஜமாவா?

– உடம்பு சூடா இருந்தாத்தானே டாக்டரம்மா ஒழுங்கா ஓட முடியும்? டெஸ்ட்டாச்சேன்னு…

– முதல் ரெண்டு கிலோமீட்டர்ல இவருக்கு நெஞ்சை அடைக்குது டாக்டர். கொஞ்சம் நின்னா விட்டுடுது. அப்புறம் எவ்வளவு தூரம் ஓடினாலும் வரதில்ல. எனக்குக் கண்ணுதான் தெரியாது. இது தெரியும். நீங்க கேட்டப்பவே தெரியும்.

– …

– டாக்டர்? இருக்கீங்களா?

– இருக்கேன். பேனாவை மூடி வெச்சேன், வேற ஒண்ணுமில்ல. சார், நீங்க முதல்ல உட்காருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. சில பேருக்குக் கிளம்பின புதுசுல வலி வரும். கொஞ்சம் நின்னுட்டு மறுபடி ஓடினா வராது. அடைப்பு சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. குறைஞ்ச ரத்தத்துல வேலை செய்யறதுக்கு இதயம் கொஞ்ச நேரம் பழகிக்குது, அவ்வளவுதான். அந்த முதல் வலியைப் புடிக்கத்தான் உங்களை மெஷின்ல ஏத்தினோம். நீங்க அதை வழியிலயே இறக்கிவிட்டுட்டு வந்திருக்கீங்க.

– நான் வேணும்னு செய்யல டாக்டரம்மா.

– தெரியும். ஓட்டக்காரங்களைத் தவிர வேற யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாங்க. ஆனா நான் கேட்ட கேள்விக்கு இல்லைன்னு சொன்னது வேணும்னு செஞ்சதுதான். இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போக வேண்டாம். வார்டுக்கு நடந்துகூடப் போக வேண்டாம், சக்கர நாற்காலி வரும். நாளைக்கு ஆஞ்சியோ பண்ணிக் குழாயைப் பார்த்துடலாம்.

– இருபத்திரண்டு நாள்ல இவனுக்கு…

– இல்ல சார். இந்தத் தடவை கிடையாது. அதுக்கப்புறம் ஓட முடியுமான்னு கேட்டீங்கன்னா, உள்ள பார்க்காம என்னால சொல்ல முடியாது. சும்மா ஆறுதலுக்கு எதையும் சொல்ல மாட்டேன்.

– இவன் பாவம் டாக்டரம்மா. இவனுக்கு வேற ஆள் இல்ல.

– விடுங்க அண்ணே. என்னைப் பத்தின பேச்சு போதும்.

– வீட்டுக்குத் தகவல் சொல்லணும். யாரு பேசறீங்க?

– நான் பேசறேன் டாக்டர். அண்ணிக்கு நான்தான் பதில் சொல்லணும்.

– சரி. சார், கடைசியா ஒரே ஒரு கேள்வி. இந்தத் தடவையாவது உள்ளதைச் சொல்லுங்க. இந்த வலி எப்ப ஆரம்பிச்சது? குத்துமதிப்பாச் சொன்னாப் போதும்.

– குத்துமதிப்பு எதுக்கு டாக்டரம்மா, கிழமையே சொல்றேன். ஏழு மாசம் முன்னாடி, மழை விட்ட வாரம், புதன்கிழமை. தண்ணித் தொட்டிகிட்ட போகும்போது யாரோ நெஞ்சுல முட்டியை வெச்சு அழுத்தின மாதிரி இருந்துச்சு. நான் வாயே திறக்கல. ஷூவுல கல்லுன்னு சொல்லி இவன் நின்னான். கழட்டி, கவுத்து, ரெண்டு தட்டு தட்டினான். நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஒண்ணும் விழல. நானும் ஒண்ணும் கேக்கல.